பாடம் 14: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பிள்ளைகளே, உங்களில் பலருக்குக் கணினியில் விளையாடப் பிடிக்கும். புதிய விளையாட்டு வந்தால் பழைய கணினி திணறும். படம் விட்டுவிட்டு ஓடும். உடனே, "அம்மா, புது கிராபிக்ஸ் கார்ட் வேணும்" என்று கேட்பீர்கள்.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் கணினிக்குள்ளே, ஒரு மூலையில், இன்னொரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அதன் பெயர் மின்வழங்கி. வீட்டில் நாங்கள் 'பவர் சப்ளை' என்று சொல்வோம். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

எனக்கு நடந்தது

அப்போது எனக்கு 15 வயது. கோடை விடுமுறை முழுவதும் வீடு வீடாகப் பத்திரிகை போட்டுக் காசு சேர்த்தேன். அந்தக் காசில் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்ட் வாங்கினேன். கையில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கடையில் இருந்த மின்வழங்கிகளில் விலை குறைந்ததை எடுத்தேன். பெட்டியில் பெரிய எழுத்தில் '400 வாட்' என்று போட்டிருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

மூன்று கிழமைகள் நன்றாக ஓடியது. ஒரு நாள் இரவு விளையாடிக்கொண்டிருந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். திரை இருண்டது. எரிந்த மணம் வந்தது. அம்மா ஓடி வந்து வயரைச் சுவரில் இருந்து இழுத்தார். மின்வழங்கி போய்விட்டது. போகும்போது கிராபிக்ஸ் கார்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு கோடைகால உழைப்பு ஒரு நொடியில் முடிந்தது.

பிறகுதான் அந்த மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையை வாசித்தேன். எல்லாம் அதில் சின்ன எழுத்தில் இருந்தது!

மின்வழங்கி என்ன செய்கிறது?

கனடாவில் நம் வீட்டுச் சுவரில் இருந்து வரும் மின்சாரம் 120 வோல்ட். அது ஒரு விநாடிக்கு 60 தடவை முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். இதற்கு மாறுதிசை மின்னோட்டம் என்று பெயர். கணினியின் பாகங்களுக்கு இது ஒத்துவராது. அவற்றுக்கு ஒரே திசையில் ஓடும் சிறிய மின்சாரம் வேண்டும். மின்வழங்கி 120 வோல்ட்டை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றிக் கொடுக்கிறது.

இதில் 12 வோல்ட்தான் முக்கியம். கணினியின் மூளையாகிய செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இதில் இருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன.

இலங்கையிலும் இந்தியாவிலும் சுவரில் வருவது 230 வோல்ட். மின்வழங்கியில் '100–240 வோல்ட்' என்று எழுதியிருந்தால் அது இரண்டு இடத்திலும் வேலை செய்யும்.

எவ்வளவு வேண்டும்?

மின்சாரத் தேவையை வாட் என்ற அலகில் அளக்கிறோம். என் மகனின் கணினியில் ஜிடிஎக்ஸ் 1650 என்ற கார்ட் இருந்தது. அதற்கு 75 வாட் போதும். அவன் ஆசைப்பட்டது ஆர்டிஎக்ஸ் 3060. அதற்கு 170 வாட் வேண்டும். நாங்கள் இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம்.

கிராபிக்ஸ் கார்ட்: 170 வாட்
செயலி: சுமார் 90 வாட்
மற்றவை எல்லாம்: சுமார் 60 வாட்
மொத்தம்: சுமார் 320 வாட்

அப்படியென்றால் 350 வாட் மின்வழங்கி போதுமா? போதாது. விளையாடும்போது கார்ட் சில நேரம் கண் இமைக்கும் பொழுதில் இன்னும் அதிகமாக இழுக்கும். அதோடு, எப்போதும் முழு வேகத்தில் ஓடும் மின்வழங்கி சூடாகும். அதன் ஆயுளும் குறையும். அதனால்தான் அந்தக் கார்டைச் செய்த நிறுவனம் 550 வாட் மின்வழங்கியைச் சொல்கிறது.

கடையில்

மகன்: அம்மா, இது 550 வாட். அதுவும் 550 வாட். ஆனா இது பாதி விலை. ஏன் மற்றதை வாங்கோணும்?

அம்மா: பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ, மகன். 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை அம்பியர் எண்டு இருக்கு?

மகன்: இதில 25. அதில 45.

அம்மா: வோல்ட்டை அம்பியரால பெருக்கினா வாட் வரும். பெருக்குங்கோ.

மகன்: 12 தர 25... 300. அட! 550 எண்டு போட்டிருக்கே?

அம்மா: முன்பக்கம் அப்பிடித்தான் சொல்லுது. மற்றதைப் பெருக்குங்கோ.

மகன்: 12 தர 45... 540. இது கிட்டத்தட்ட சரி. ஆனா இதை வாங்கினா கார்ட் வாங்கக் காசு காணாதே.

அம்மா: ஓம். கார்டுக்கு இன்னும் ரெண்டு மாதம் காசு சேர்க்கோணும்.

வீடு வரும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீடுகளில் பனி தள்ளிச் சேர்த்த காசு அது. ஆனால் கையில் இருந்தது நல்ல மின்வழங்கி. இரண்டு மாதம் கழித்துக் கார்டும் வந்தது. இன்றும் இரண்டும் நன்றாக ஓடுகின்றன.

நம்பத் தகுந்ததா? நான்கு கேள்விகள்

1. 12 வோல்ட் கணக்கு சரியா? மேலே செய்ததுபோலப் பெருக்கிப் பாருங்கள். விடை, முன்பக்கத்தில் உள்ள வாட் எண்ணுக்கு அருகில் வர வேண்டும்.

2. பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா? ஒன்ராறியோவில் விற்கும் மின்சாதனங்கள் சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இது சட்டம். சிஎஸ்ஏ என்ற முத்திரையைத் தேடுங்கள். பெரிய 'சி' எழுத்துக்குள்ளே மற்ற இரண்டு எழுத்துகளும் இருக்கும். இந்த நிறுவனம் 1919இல் தொடங்கியது. இதன் தலைமையகம் நம்முடைய ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில்தான் இருக்கிறது! யுஎல் முத்திரையும் நல்லது. ஆனால் அதன் இடப்பக்கத்தில் ஒரு சிறிய 'சி' இருக்க வேண்டும். அந்தச் 'சி' கனடாவைக் குறிக்கும்.

3. '80 பிளஸ்' இருக்கிறதா? இது 2004இல் தொடங்கிய திட்டம். சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். மிச்சம் வெப்பமாகிவிடும். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு. தங்கப் படியில், பாதி அளவு வேலை செய்யும்போது, 300 வாட் எடுத்தால் சுமார் 270 வாட் கணினிக்குப் போகும். ஆனால் கவனம்: இந்த முத்திரை மின்சாரம் வீணாகாததைத்தான் காட்டுகிறது. பாதுகாப்பைக் காட்டாது.

4. எத்தனை ஆண்டு உத்தரவாதம்? நல்ல மின்வழங்கிகளுக்கு 5, 7, சிலவற்றுக்கு 10 ஆண்டுகள்கூடக் கொடுப்பார்கள். தாம் செய்த பொருளில் நம்பிக்கை இருப்பவர்கள்தான் இப்படிக் கொடுப்பார்கள்.

செய்யவே கூடாதவை

மின்வழங்கியை ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். அது ஆளையே அடிக்கும்.

பழைய மின்வழங்கியின் வயர்களைப் புதியதில் மாட்டாதீர்கள். பொருந்துவதுபோல இருந்தாலும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறாக இருக்கலாம். பாகங்கள் எரிந்துவிடும்.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

புதிய சொற்கள்

மின்வழங்கி – சுவரில் வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி
செயலி – கணினியின் மூளை
முத்திரை – சோதித்ததற்கு அடையாளமான குறி
உத்தரவாதம் – பழுதானால் மாற்றித் தருவோம் என்ற உறுதி
திணறுதல் – செய்ய முடியாமல் கஷ்டப்படுதல்

பயிற்சி

1. ஒரு மின்வழங்கியில் '12 வோல்ட், 38 அம்பியர்' என்று இருக்கிறது. எத்தனை வாட்?

2. கடையில் மகன் ஏன் விலை கூடியதை வாங்கினான்? மூன்று வசனங்களில் எழுதுங்கள்.

3. இவை பேச்சுத் தமிழ். எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்: வாங்கோணும், எண்டு, அப்பிடித்தான், ரெண்டு, காசு காணாது.

4. வீட்டில் உள்ள ஒரு சார்ஜரின் வெளியே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? அம்மாவுடனோ அப்பாவுடனோ சேர்ந்து வாசியுங்கள். நீங்கள் கண்ட எண்களையும் முத்திரைகளையும் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.