தனியாளும் எட்டுக்கு நாலும்

கார் ஷெட்டிலோ மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலோ மரவேலைப் பட்டறை போடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது மெஷின்களைத்தான். எந்த ரம்பம் நல்லது, எத்தனை எச்.பி. மோட்டார் வேண்டும், ரூட்டர் இப்போதே வாங்கலாமா. பிளைவுட் ஏற்றிய வண்டி வாசலில் வந்து நிற்கும்போதுதான் இன்னொரு கேள்வி முளைக்கிறது: இதையெல்லாம் உள்ளே கொண்டுபோவது யார்? பெரும்பாலும் நீங்கள்தான். மிஞ்சிப்போனால் வீட்டில் அன்றைக்கு அகப்பட்ட ஒருவரும் சேர்ந்துகொள்வார்.

எட்டுக்கு நாலு அடி, 18 மி.மீ. கனமுள்ள பிளைவுட் ஷீட் ஒன்று, மரத்தைப் பொறுத்து 30 முதல் 37 கிலோ வரை இருக்கும். அதே கனத்தில் எம்.டி.எஃப். என்றால் 40 கிலோவைத் தாண்டும். இப்போது சமையலறை அலமாரிகளுக்கு எல்லோரும் கேட்கும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகை 45 கிலோவைத் தொடும். சிமென்ட் மூட்டை 50 கிலோ, அதையே தூக்குகிறார்களே என்று கேட்கலாம். மூட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தோளில் போட்டால் அடங்கி உட்காரும். ஷீட் அடங்காது. பிடிக்க இடம் கிடையாது, எடை எங்கோ தள்ளி நிற்கிறது, எதிரே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது.

அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பாரம் தூக்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பாரம் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், நல்ல கைப்பிடியோடு, உடம்பைத் திருப்பாமல் தூக்கும்படி இருந்தால் 23 கிலோ வரை சரி என்பது அதன் தொடக்கப் புள்ளி. இதில் ஒவ்வொன்று தவறும்போதும் அந்த 23 குறைந்துகொண்டே வரும். தரையில் கிடக்கும் எட்டுக்கு நாலு ஷீட்டில் இவை ஒன்றுகூடத் தேறாது. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், காயம் விளைவிக்கக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியையும் தூக்கவைக்கக் கூடாது என்று 34ஆம் பிரிவில் எழுதிவைத்தது. வீட்டுப் பட்டறையில் முதலாளியும் நீங்கள், தொழிலாளியும் நீங்கள். சோதனைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

ஆகவே, பலத்தைக் கூட்டும் வழியைத் தேடாதீர்கள். வண்டியிலிருந்து ரம்பம்வரை ஒரு ஷீட் எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணுங்கள். வண்டியிலிருந்து காம்பவுண்டுச் சுவர், அங்கிருந்து ஷெட், ஷெட்டில் முன்னால் இருப்பதை நகர்த்திவிட்டுப் பின்னால் இருப்பதை எடுப்பது, பிறகு மேஜை, மேஜையில் ஒருமுறை புரட்டல். அந்த எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி சாமர்த்தியம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் எளிய வழி, முழு ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுவராமலே இருப்பது. பேனல் சா வைத்துக் கூலிக்கு அறுத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கடைகள் இப்போது பெரிய ஊர்களில் தாராளமாக இருக்கின்றன. கட்டிங் லிஸ்ட் கொடுத்தால் அளவுக்கு அறுத்து, எட்ஜ் பேண்ட் ஒட்டியே அனுப்பிவிடுவார்கள். அவர்கள் அளவில் நம்பிக்கை இல்லையா? ஒவ்வொரு துண்டிலும் 10 மி.மீ. கூட்டிச் சொல்லி, முழு ஷீட்டை மூன்றாக மட்டும் பிளந்து வாங்குங்கள். இறுதி அளவை வீட்டில் எடுத்துக்கொள்ளலாம். 35 கிலோ ஷீட் மூன்று துண்டானால் ஒவ்வொன்றும் 12 கிலோவுக்குள் வரும். ரேகை ஓடும் திசையை ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறியாகப் போட்டு வாங்க மறக்க வேண்டாம். கதவுகளில் ரேகை மாறிப்போனால் அறுத்துக் கொடுத்தவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. முழு ஷீட்டைத் தானே அறுத்தால்தான் தச்சு வேலை என்று சொல்பவர்கள் உண்டு; அவர்கள் பட்டறையில் எப்போதும் ஒரு ஹெல்பர் இருப்பார், கவனித்துப் பாருங்கள்.

முழு ஷீட்தான் வேண்டும் என்றால், வண்டி வரும் முன்பே பாதையைக் காலி செய்யுங்கள். செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், துளசித் தொட்டி எல்லாம். ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் டாடா ஏஸின் தொட்டி நீளம் 2200 மி.மீ.; ஷீட்டின் நீளம் 2440. பின்கதவைத் திறந்துவைத்துத்தான் ஏற்றுவார்கள். பின்னால் ஏறக்குறைய 24 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கும்போது இதையே சாதகமாக்கலாம். வண்டியின் பின்புறத்தை வாசலுக்கு நேராக நிறுத்தச் சொல்லி, நீட்டிய முனையைப் பிடித்து இழுத்து, தரையில் போட்ட பழைய சாக்கின்மேல் ஒரு நீள ஓரத்தை இறக்குங்கள். மூலையில் இறக்காதீர்கள்; நசுங்கிய மூலை காசு கொடுத்து வாங்கிய குப்பை.

இறக்குக் கூலியை வண்டி வந்த பிறகு பேசாதீர்கள். கடையிலேயே, எந்த இடம்வரை கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். ‘கேட் வரைக்கும்தான்’ என்ற பேச்சுக்கு ஒத்துக்கொண்டால் மீதி இருபது அடி உங்கள் முதுகில் விழும். லோடுமேன்கள் சும்மாடு வைத்துத் தலையில் ஷீட்டைத் தூக்கி விறுவிறுவென்று போவதைப் பார்த்து நாமும் முயலலாம் என்று தோன்றும். வேண்டாம். அது பல வருடப் பழக்கம், அதற்குக் கழுத்து கொடுக்கும் விலையும் அவர்களுக்குத் தெரியும்.

தனியாளாகச் சுமக்க ஒரு கயிறு போதும். சுமார் 20 அடிக் கயிறு வாங்கி, இரு முனைகளையும் சேர்த்து முடிச்சிட்டால் 18 அடிக்கு ஒரு வளையம் கிடைக்கும். ஷீட்டை நீள ஓரத்தில் நிறுத்துங்கள். வளையத்தின் ஒரு முனையைக் கீழ் மூலை ஒன்றிலும், மறுமுனையை அடுத்த கீழ் மூலையிலும் மாட்டுங்கள். நடுவில் இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரு கையால் பிடித்து மேலே இழுத்தால் ஷீட் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் எழும்பும். மறுகை மேல் ஓரத்தைத் தாங்கினால் போதும். கை தொங்கும் உயரத்திலேயே பிடி இருப்பதால் முதுகு வளைய வேண்டியதில்லை. தரையில் இழுபட்டால் கயிறு நீளம் என்று பொருள். முடிச்சை உள்ளே தள்ளிக் குறைத்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு உள்ளங்கையை அறுக்கும். பிடிக்கும் இடத்தில் ஒரு சாண் பி.வி.சி. பைப்பைக் கோத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அடிக்கடி ஷீட் வந்துபோகும் பட்டறை என்றால் சக்கரம் வையுங்கள். மீந்த பிளைவுட் துண்டுகளால் இரண்டங்குல இடைவெளியுள்ள ஒரு பள்ளம் செய்து, அடியில் அச்சோடு இரண்டு சக்கரம் பொருத்தினால் வண்டி தயார். ஷீட்டின் ஒரு முனையைத் தூக்கி, நடுவுக்குக் கீழே வண்டியைத் தள்ள வேண்டும். ஒரு முனையைத் தூக்கும்போது கைக்கு வருவது பாதி எடைதான். நடு சரியாக அமைந்துவிட்டால் முழு எடையையும் சக்கரம் ஏற்கும், நீங்கள் சாயாமல் பிடித்து நடத்தினால் போதும். சக்கரம் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சின்னச் சக்கரம் ஒரு மரச்செத்தை தடுக்கினாலே நின்றுவிடும். நம் வீடுகளின் நிலைப்படிக்கு, இரண்டு பக்கமும் சரிவாகச் சீவிய கட்டை ஒன்றைச் செய்து கதவோரம் சாத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஒரு முழு ஷீட்டின் பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று அதன்மேல் நேராக மோதினால் 18 கிலோ எடையளவு அழுத்தம் விழும், அதுவும் பக்கவாட்டில், எதிர்பாராமல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலும், செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய தென்காசிப் பக்கத்திலும் ஆனி, ஆடி மாதங்களில் மொட்டைமாடிக்கு ஷீட் ஏற்றுவது விளையாட்டல்ல. விடியற்காலையில் ஏற்றுங்கள். வெளிப்புறமாகக் கயிறு கட்டி இழுத்தேற்றும் யோசனையைக் கைவிடுங்கள், மாடிக்குப் பக்கத்தில் ஈ.பி. லைன் போகிறது என்றால் அந்தப் பேச்சே கூடாது. படிக்கட்டில் திரும்பாத ஷீட்டைத் தெருவிலேயே அறுத்துவிடலாம்.

இனிச் சொல்லப்போவது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். சுமக்கும்போது முதுகு போகும். சாத்தி வைத்த ஷீட் சரிந்தால் ஆளே போகலாம். சுவரில் பத்து ஷீட் சாத்தியிருக்கிறது. உங்களுக்கு ஏழாவது வேண்டும். முன்னால் இருக்கும் ஆறையும் புத்தகம் புரட்டுவதுபோல் ஒவ்வொன்றாக உங்கள் பக்கம் சாய்த்து, தொடையிலும் மார்பிலும் தாங்கியபடி ஒரு கையால் ஏழாவதை இழுக்கப் பார்ப்பீர்கள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். மூன்று நான்கு வரை தாங்கும். நிமிர்ந்த நிலையைத் தாண்டி உங்கள் பக்கம் சாயச் சாய பாரம் ஏறிக்கொண்டே போகும். ஆறு ஷீட் 200 கிலோவுக்கு மேல். பின்னால் மேஜையோ மெஷினோ இருந்தால் ஒதுங்கவும் வழியில்லை. கத்தினாலும் கேட்க ஆள் இல்லாத மத்தியான நேரமாகவும் அது இருக்கலாம்.

இதைத் தடுக்க, சுவரில் சாத்தும் வழக்கத்தை விட்டுவிட்டு நிற்கும் ஸ்டாண்டு ஒன்று செய்யுங்கள். இரும்புப் பைப்பிலோ ரீப்பரிலோ தடுப்புகள் நிறுத்தி, ஒரு தடுப்புக்குள் மூன்று ஷீட்டுக்கு மேல் வைக்காதீர்கள். தடுப்புகளைத் தரையிலும் சுவரிலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஷீட் முன்பக்கம் சாய்ந்து வெளியே வரக்கூடாது; நீளவாக்கில் உருவி எடுக்க வேண்டும். அதற்கு ஸ்டாண்டின் வாய்க்கு எதிரே எட்டடி காலியிடம் வேண்டும்; வீட்டுப் பட்டறையில் அது பெரும்பாலும் ஷெட்டின் கதவுக்கு நேராகத்தான் கிடைக்கும். அடியில் வழவழப்பான மைக்கா துண்டை ஒட்டினால் 35 கிலோ ஷீட்டும் ஒரு கையில் வழுக்கிக்கொண்டு வரும். தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் உயர்த்திக் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் எட்டாது. இடமே இல்லை, சுவரில்தான் சாத்தியாக வேண்டும் என்றால் குறுக்கே ஒரு சங்கிலி மாட்டுங்கள். வீட்டோடு இருக்கும் பட்டறை என்பதால் குழந்தைகள் ஒளிந்து விளையாட வருவார்கள். சாத்திய ஷீட்டுக்குப் பின்னால் இருக்கும் முக்கோண இடுக்கு அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஸ்டாண்டிலிருந்து உருவிய ஷீட்டை மேஜைமேல் தூக்கிப்போட வேண்டாம். தரையில் நான்கு ரீப்பர்களையோ இரண்டங்குல தெர்மோகோலையோ விரித்து, அதன்மேல் சாய்த்துப் படுக்கவைத்து, வட்ட ரம்பத்தால் நேர்ச்சட்டம் பிடித்துப் பிளந்துவிடுங்கள். ரம்பத்தின் ஆழம் பலகையின் கனத்தைவிட ஐந்தாறு மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். குனிய முடியாதவர்கள், இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரமுள்ள மேஜையின் ஓரத்தில் ஷீட்டை நிறுத்திச் சாய்த்து, கீழ் ஓரத்தைத் தூக்கி உள்ளே தள்ளலாம். அப்போதும் கைக்கு வருவது பாதி எடைதான். டேபிள் சாவில் முழு ஷீட்டைத் தனியாளாகத் தள்ளுவது மட்டும் கூடவே கூடாது. பலகை இம்மியளவு திரும்பினாலும் பிளேடு அதைக் கவ்வி உங்கள் வயிற்றை நோக்கி எறியும்.

கையுறை பற்றிச் சுருக்கமாக: உள்ளங்கையில் ரப்பர் பூசிய துணிக் கையுறை சிராயிலிருந்து காக்கும், பிடியும் தரும். மைக்காவின் ஓரம் கத்திபோல் அறுக்கும், அதற்கு இது கட்டாயம். மெஷினை ஓட்டும் முன் கழற்றிவிடுங்கள். ஹவாய்ச் செருப்போடு ஷீட் தூக்காதீர்கள். கண்ணாடி தூக்கப் பயன்படும் வேக்குவம் கப், மைக்கா ஒட்டிய பலகையில் பிடிக்கும். வெறும் பிளைவுட்டில் காற்றுக் கசிந்து விட்டுவிடும், நம்பி ஏமாறாதீர்கள். இருவராகத் தூக்கினால் இருவரும் ஷீட்டின் ஒரே பக்கத்தில் நில்லுங்கள். பின்னால் வருகிறவர் பேச வேண்டாம், முன்னால் போகிறவர் மட்டும் ‘படி’, ‘திரும்பு’, ‘இறக்கு’ என்று சொல்லட்டும்.

இதையெல்லாம் செய்யக் காசு ஆகுமே என்றால், ஆகும். எஸ்டிமேட்டில் சதுர அடிக் கணக்கு மட்டும் போட்டு, இறக்குக் கூலியையும் கட்டிங் கூலியையும் தம் கையிலிருந்து கொடுக்கிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். அவை இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே வாடிக்கையாளர்கள் இதற்குப் பேரம் பேசுவார்கள். முடித்த அலமாரியைக் கொண்டுபோய்ப் பொருத்தும் இடத்தையும் முன்பே பாருங்கள். பல அடுக்குமாடி லிஃப்ட்களின் கதவு உயரம் ஏழடிக்குள்தான். எட்டடிப் பக்கப்பலகை அதில் நேராக நுழையாது. எந்த மாடி, லிஃப்ட் உண்டா, படிக்கட்டு எத்தனை அடி அகலம் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு விலை சொல்லுங்கள்.