உள்நுழைவும் சமிக்ஞையும்

உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் என் போன்ற முதல் தலைமுறை மாணவர்க்குக் கடவுச்சொல் வீட்டுச் சாவி போன்றது. அதனை இணையதளங்கள் எவ்வாறு காக்கின்றன? 2005-இல் வெளியான ஜாங்கோ என்னும் வலைக் கட்டமைப்பைக் கொண்டு காண்போம்.

பயனர் நுழைந்ததும் ஜாங்கோ ஒரு சமிக்ஞை எழுப்பும். அதற்கெனக் காத்திருக்கும் செயற்கூறு நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பின்னர் அவரை எந்தப் பக்கத்திற்கு அனுப்புவது என்பதை அமைப்புக் கோப்பில் நாமே எழுதிவைக்கலாம். வெளியேற்றத்திற்கும் தவறிய நுழைவிற்கும் தனித்தனிச் சமிக்ஞைகள் உண்டு.

தவறிய நுழைவுகளைப் பதிந்துவைத்தால், சாவியைத் திருட முயல்வோரை அறியலாம். ஆயினும் அச்சமிக்ஞையில் கடவுச்சொல்லை ஜாங்கோ உடுக்குறிகளால் மறைத்தே தருகிறது. ஏன்? ஓரெழுத்து மட்டும் தவறிய கடவுச்சொல், உண்மையானதைக் காட்டிக்கொடுத்துவிடும் அன்றோ? நிரல் எழுதப்போகும் நண்பர்களே, பெயரையும் நேரத்தையும் பதியுங்கள். கடவுச்சொல்லை ஒருபோதும் பதியாதீர்கள்!