வலிக்காத ஈரல்

நம்பிக்கை: “கண்ணு மஞ்சளாகல, பிள்ளை நல்லா ஓடியாடுறான். ஹெபடைடிஸ் பி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

உண்மை: வயது குறையக் குறைய இந்தக் கிருமி உடம்பில் தங்கிவிடும் வாய்ப்பு கூடும். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றினால், தடுப்பூசி போடாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவுதான். ஈரல் சத்தமில்லாமல் தழும்பேறும். சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்: காலையில் இமை வீங்கும், சிறுநீர் நுரைக்கும்.

ஈரல் சுருங்கிய பிறகுதான் புற்றுநோய் வரும் என்பதும் தவறு. அதற்கு முன்பே வரலாம், பிள்ளைகளுக்கும் வரலாம். தைவான் 1984-இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்தாண்டுக்குள் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியானது. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைக்கே ஊசி உண்டு. அந்த முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம்பிக்கை: “கீழாநெல்லி போதும்.”

உண்மை: சித்தியவான் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். வாசலோரம் முளைத்ததைப் பறித்து, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடித்தவர்கள் பிழைத்தார்களே! பிழைத்தார்கள். ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும். பெயர் மூலிகைக்குப் போகும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி வேறு. 1988-இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நம் மூலிகை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் கிருமியை அடக்கிவைக்கின்றன. கீழாநெல்லியை நம்பி அவற்றை நிறுத்தினால் கிருமி மீண்டும் கிளம்பும். ஈரல் திடீரெனச் செயலிழக்கவும் கூடும்.

எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. கிளினிக்கில் கடிதம் வாங்கி ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்குப் போய், டாக்டர் சொல்லும் தவணையில் ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் தேவை.

நம்பிக்கை: “தட்டு, டம்ளரைத் தனியா வை.”

உண்மை: இந்தக் கொடுமையை இன்றே நிறுத்துங்கள். சேர்ந்து சாப்பிடுவதால் ஹெபடைடிஸ் பி தொற்றாது. ரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்திலும்தான். தனியாக இருக்க வேண்டியவை பிளேடு, பல் துலக்கி, நகவெட்டி. தொற்று உள்ளவரின் தாயும் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ளட்டும். கல்யாணம் பேசும்போது மறைக்க வேண்டாம். துணைக்குத் தடுப்பூசி இருக்கிறது.