கிராமத்துக்காரருக்கு ஆயுள் கெட்டியா?

நம்பிக்கை: கிராமத்துப் பெரியவர்கள் நகரத்தாரைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள்.

உண்மை: இல்லை. கல்யாணப் பந்தியிலும் வாட்ஸ்அப்பிலும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "எங்க பாட்டி கூழ் குடிச்சே நூறு வயசு இருந்தாங்க, டாக்டர்" என்பார்கள். சரி, பாட்டியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வராது. இருந்தவரைப் பற்றித்தான் கதை; போனவர்களை யார் எண்ணினார்கள்? அந்த நூறுக்கும் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ் இருக்காது.

அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் எண்ணியிருக்கிறது. இந்தியாவில் 1970–75இல் சராசரி ஆயுள் கிராமத்தில் 48, நகரத்தில் சுமார் 59. 2014–18இல் கிராமம் 68, நகரம் 72.6. இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை. 'குழந்தைச் சாவுதான் சராசரியை இழுக்கிறது' என்றும் நழுவ முடியாது. அறுபதைத் தொட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நகரமே முந்துகிறது.

சர்க்கரையும் கொதிப்பும் நகரத்தில்தானே அதிகம்? ஆம். ஆனால் சலீம் யூசுஃப் குழு இந்தியா உட்பட 17 நாடுகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட 'ப்யூர்' ஆய்வைப் பாருங்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கிராமங்களில்தான் கூடுதல். வந்தபின் இறந்தவர்களின் விகிதமும் அங்கேதான் கூடுதல். நகரத்தார் மாத்திரை போடுகிறார்கள், நெஞ்சு வலித்தால் ஈசிஜி எடுக்குமிடம் பக்கத்தில் இருக்கிறது. கிராமத்தில் வாயு என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: கிராமத்தில் சர்க்கரை நோய் கிடையாது.

உண்மை: 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு முடிவுகளின்படி கிராமத்தில் வயது வந்தவர்களில் 8.9 சதவீதம் பேருக்கு இருக்கிறது. பரிசோதிக்காததால் இல்லை என்று நினைக்கிறீர்கள்.

நம்பிக்கை: கிராமத்துக் காற்று சுத்தம்.

உண்மை: காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய பெண்ணின் இருமலைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு.

உண்மை: பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அடுத்த கேள்வி?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. நல்லது. எனக்கு அது போதாது. மாதம் தவறாமல் பெரியவர்கள் வரிசையில் நிற்கும் இடம் ரேஷன் கடை. அங்கே ஒரு பிரஷர் கருவியும், அதைப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும் என்று பார்க்கும் அதிகாரிகளிடமெல்லாம் சொல்லி வருகிறேன். சிரிக்கிறார்கள். அரிசி நிறுக்கும் நேரத்துக்குள் பிரஷர் பார்த்துவிடலாம், ஐயா. சிரித்துக்கொண்டாவது உத்தரவு போடுங்கள்.