எந்தக் கேலன்?

ஒரு நூலைப் புரட்டினால் ஒரு கேலன் 4.546 லிட்டர் என்றிருக்கும். மற்றொரு நூலில் 3.785 லிட்டர் என்று காணலாம். எது அச்சுப்பிழை? இரண்டும் அல்ல. முன்னது பிரிட்டிஷ் கேலன். பின்னது அமெரிக்கக் கேலன்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் திராட்சை மதுவுக்கு ஒரு கேலன், பீருக்கு வேறொரு கேலன் என்று பல கேலன்கள் வழங்கின. 1707-இல், அரசி ஆன் காலத்தில், மதுக் கேலன் 231 கன அங்குலம் என்று வரையறுக்கப்பட்டது. அமெரிக்கர் அதையே கைக்கொண்டனர். 1824-இல் இங்கிலாந்து பழைய கேலன்களை நீக்கிவிட்டு, 10 பவுண்டு நீரின் பருமனைப் புதிய கேலனாக வைத்துக்கொண்டது. அமெரிக்காவோ அதற்குள் தனி நாடாகிவிட்டது, பழையதை விடவில்லை.

அந்த 231 நினைவிலிருந்தால் வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 1 அங்குலம் = 2.54 செ.மீ.; 1959 முதல் இது தோராயமன்று, துல்லியமான மதிப்பு. ஆனால் இங்கேதான் பலர் வழுக்கி விழுவர். 231-ஐ 2.54-ஆல் பெருக்கி, ஒரு கேலன் 587 கன செ.மீ. என்று எழுதிவிடுவர். அரை லிட்டருக்குச் சற்று மேல்!

ஓர் அங்குலப் பக்கமுள்ள கனசதுரத்தை மனத்தில் கொள்ளுங்கள். அதன் நீளம், அகலம், உயரம் மூன்றுமே 2.54 செ.மீ. எனவே அதன் பருமன்

2.54 × 2.54 × 2.54 = 16.387 கன செ.மீ.

இதை 231-ஆல் பெருக்க, 3785.4 கன செ.மீ., அதாவது 3.785 லிட்டர் கிடைக்கிறது.

இனிக் கீழே இறங்கலாம். அமெரிக்கக் கேலனில் 4 குவார்ட். குவார்ட்டில் 2 பைன்ட். பைன்ட்டில் 16 திரவ அவுன்ஸ். ஆக 128 அவுன்ஸ். 3785.4-ஐ 128-ஆல் வகுத்தால் ஓர் அவுன்ஸ் 29.57 மில்லிலிட்டர். (பிரிட்டிஷ் பைன்ட்டில் 20 அவுன்ஸ், அந்த அவுன்சும் வேறு. அந்த வம்பு இப்போது வேண்டாம்.) ஓர் அவுன்சில் 2 மேசைக்கரண்டி; ஒரு மேசைக்கரண்டியில் 3 தேக்கரண்டி. எனவே ஒரு தேக்கரண்டி 4.93, ஏறக்குறைய 5 மில்லிலிட்டர்.

இங்கு நேரும் தவறு விடைத்தாளோடு நின்றுவிடுவதில்லை. தேக்கரண்டி அளவு மருந்தை மேசைக்கரண்டியில் ஊற்றினால் குழந்தையின் வயிற்றுக்குள் மூன்று மடங்கு மருந்து போய்விடும். குழந்தைகளுக்கான திரவ மருந்துகளை மில்லிலிட்டரில் மட்டுமே குறிக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2015-இல் பரிந்துரைத்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு: கச்சா எண்ணெய்ப் பீப்பாய் என்பது 42 அமெரிக்கக் கேலன். அது எத்தனை லிட்டர்? 159-ஐ ஒட்டி வந்தால் சரி. 191 வந்தால் கேலனை மாற்றி எடுத்திருக்கிறீர்கள். 25-க்கும் குறைவாக வந்தால், கனசதுரத்தை மறுபடி ஒருமுறை வரைந்து பாருங்கள்.