தவணைக்குப் போகும் குடும்பங்களோடு

வன்னியில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவர்களின் குடும்பங்களோடு பல வருடங்களாக நீதிமன்றத் தவணைக்கும் சிறைச் சந்திப்புக்கும் போய்வருகிறேன். கைதிகளுக்காகக் கவனயீர்ப்புப் போராட்டம் நடக்கும், அறிக்கை வரும். உள்ளே உண்ணாவிரதம் தொடங்கினால் தலைவர்களும் வந்து பார்ப்பார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இரவு பஸ்ஸில் கைப்பிள்ளையோடு கொழும்பு மகசீன் சிறைக்கோ, தெற்கே பூசாவுக்கோ போகிற பெண்ணுக்குத் துணையாக யாரும் இருப்பதில்லை. அந்தத் துணையாக இருக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆளைக் கொண்டுபோன அன்றே ஒரு கொப்பி தொடங்குங்கள். யார் வந்தார்கள், எந்த வாகனம், எத்தனை மணி, எங்கே கொண்டுபோவதாகச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கைது செய்ததற்கான துண்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கிழமைக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு போட வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. பயத்தில் பேசாமல் இருந்து இந்த வாய்ப்பை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வழக்கிலக்கம், தவணைத் திகதி, சட்டத்தரணிக்குக் கொடுத்த காசு எல்லாம் அதே கொப்பியில் ஏற வேண்டும்.

"மேலிடத்தில எனக்கு ஆளைத் தெரியும், அஞ்சு லட்சம் தந்தா எடுத்துத் தாறன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வளவை ஈடு வைத்தாவது கொடுத்துவிடத்தான் தாய் மனம் சொல்லும். அந்த நேரத்தில் வீட்டில் இருந்து, கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல ஓர் ஆள் தேவை.

பொய்யான ஆறுதலும் இதற்குக் குறைந்த கேடில்லை. 1979இல் வந்த இந்தச் சட்டம் தடுப்புக் கட்டளையை மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை நீட்ட இடம் கொடுத்தது. 2022இல் செய்த திருத்தம் அதைப் பன்னிரண்டாகக் குறைத்தது. அதற்குப் பிறகும் விளக்கமறியல், வழக்கு என்று வருடங்கள் போகும். "வாற மாதம் விட்டிடுவினம்" என்று சொன்னால், அந்த வீடு ஒவ்வொரு மாதமும் புதிதாக உடையும். நீண்ட காலம் எடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லி, அதுவரை அடுப்பெரிய என்ன வழி என்று பேசுவதுதான் உண்மையான ஆறுதல்.

பாஷைதான் எங்கள் சனத்துக்குப் பெரிய மதில். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் எழுதியெடுத்த வாக்குமூலம் இந்தச் சட்டத்தின் கீழ் சாட்சியாகிறது. அதுவும் பலருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டதுதான். 2017இல் மூன்று கைதிகள் அநுராதபுரம் சிறையில் உண்ணாவிரதம் இருந்ததே, வவுனியாவில் நடந்த வழக்கை, சிங்களத்தில் விசாரணை நடக்கும் அநுராதபுரத்துக்கு மாற்றியதற்கு எதிராகத்தான். சிறை வாசலிலும் இதே கதைதான். "தங்கச்சி, அவை என்ன கேக்கினம் எண்டே விளங்கேல்லை" என்று ஒரு அம்மா வரிசையிலிருந்து திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். கேட்டது என்னவோ கைதியின் இலக்கமும் உறவுமுறையும்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மட்டை செய்து கொடுக்கிறேன். கைதியின் முழுப்பெயர், இலக்கம், எந்தக் கட்டடம், பார்க்க வந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், உறவு எல்லாம் அதில் சிங்களத்தில் இருக்கும். அடியில் தமிழிலும் இருக்கும், தான் எதைக் காட்டுகிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு முஸ்லிம் தாய்மாரும் அதே வரிசைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் அதே தமிழ், அதே தவிப்பு. மட்டை அவர்களுக்கும் எழுதினோம்.

உள்ளே போனால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பத்துக் குடும்பம், அந்தப் பக்கம் பத்துக் கைதி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சின்னப் பிள்ளை பயந்து தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துவிடும். கேட்க வேண்டிய மூன்று விஷயத்தை பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு போனால், அழுகையிலேயே நேரம் முடிந்துபோகாது. விளக்கமறியல் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் சந்திப்பு, சாப்பாட்டு விதிகள் வேறு வேறு. போவதற்கு முன் விசாரியுங்கள். சமைத்துக் கட்டிக்கொண்டு போன சோற்றை வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த மனுசி அந்த இடத்திலேயே இடிந்துபோவார்.

பிள்ளைகளிடம் "அப்பா கட்டாரில" என்று சொல்லி வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது பத்திரிகைப் படத்தைக் காட்டுகிற நாள் வரத்தான் செய்யும். உண்மையை வீட்டில், தாயின் வாயால், வயதுக்கேற்ற அளவில் அறிந்துகொள்ளட்டும். வகுப்பாசிரியர் நம்பத் தகுந்தவரானால் அவரிடமும் சொல்லி வையுங்கள். 2018 மார்ச்சில் கிளிநொச்சியில், மனைவியின் சாவுக்குச் சில மணி நேரம் கொண்டுவரப்பட்ட ஆயுள் கைதியோடு, அவருடைய சின்ன மகளும் சிறை வாகனத்தில் ஏறியதை நாடே பார்த்தது. தண்டனை யாருக்கு விழுகிறது என்று அன்றைக்கு யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மனைவிமாரின் நிலை வேறு. கணவர் உயிரோடு இருப்பதால் விதவைகளுக்கு வருகிற உதவி இல்லை, ஆனால் உழைத்துத் தர ஆளும் இல்லை. பிரதேச செயலகத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பமாகப் பதியக் கூடவே போய் நில்லுங்கள். கிராம சேவகரிடம் தனியாகப் போனால் ஒரு பதில், இரண்டு பேராகப் போனால் வேறு பதில். இதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

விடுதலை வந்தால் எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைக்கிறது. எனக்கு வேலை கூடுவது அப்போதுதான். நீண்ட காலம் உள்ளே இருந்தவரிடம் செல்லுபடியான அடையாள அட்டை இருக்காது, வாக்காளர் இடாப்பிலும் பெயர் இருக்காது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை விடுதலைக்கு முன்னரே எடுத்து வையுங்கள். அடையாள அட்டை இல்லாமல் வேலை, வங்கிக் கணக்கு, சோதனைச் சாவடி எதையும் தாண்ட முடியாது.

வீட்டுக்குள்ளே இன்னும் சிக்கல். அவர் இல்லாத வருடங்களில் அந்தப் பெண் காணி வழக்குப் பேசினாள், சீட்டுப் பிடித்தாள், மகளைச் சாதாரணதரம் வரை படிப்பித்தாள். வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்ப்பார். "இனி அவர் பாக்கட்டும்" என்று உறவுகளும் சொல்லும். அப்படிச் சொல்லாதீர்கள். வீட்டுக் கணக்கு அவள் கையிலேயே இருக்கட்டும். அவர் முதலில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடட்டும், தோட்டத்துக்குத் தண்ணீர் மாறட்டும். பிள்ளை அப்பா என்று கூப்பிட மாதங்கள் எடுக்கலாம், வற்புறுத்த வேண்டாம். விசாரிக்க சிவில் உடையில் ஆட்கள் வந்தால் பெயர், நேரம், கேட்ட கேள்வி எல்லாம் பழைய கொப்பியில் ஏறட்டும். அவர்கள் வரும்போது அயலவர் ஒருவர் முற்றத்தில் நிற்பது பெரிய உதவி.

முதல் கிழமை வீடு நிறையச் சனம், படம் எடுக்க ஆட்கள், மாலை, உலர் உணவுப் பொதி. பிறகு ஒருவரும் வருவதில்லை. இரவில் நித்திரையில்லை, பல்லும் கண்ணும் பழுது, அடி வாங்கிய முதுகு நோகிறது என்று அவர் வாய் திறப்பது அந்த இரண்டாம் மாதத்தில்தான். உங்களால் ஒரு தடவைதான் போக முடியுமென்றால் அப்போது போங்கள். போகும்போது ஆஸ்பத்திரிக் கிளினிக் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு போங்கள்.