நீர் ஒன்றானால் தொட்டியும் ஒன்றே

இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் ஒன்றில் ஆண் தங்கமீனையும் மற்றொன்றில் பெண் மீனையும் விட்டு, நடுவே ஓர் அட்டையைச் செருகிவிட்டீர்கள் என்று கொள்வோம். பம்பும் வடிகட்டியும் இரண்டிற்கும் பொது. ஒரே நீர் சுற்றிச் சுற்றி வருகிறது. மீன்கள் பிரிந்திருக்கின்றனவா?

இல்லை. செவுள்களில் மீனின் இரத்தத்தையும் வெளிநீரையும் பிரிப்பது மெல்லிய படலமே. ஸ்டீராய்டு வகை ஹார்மோன்கள் கொழுப்பில் கரைபவை. ஆகவே செறிவு மிகுந்த இரத்தத்திலிருந்து செறிவு குறைந்த நீருக்குள் அவை எளிதில் விரவிச் செல்கின்றன. அஞ்சிய மீனின் இரத்தத்தில் கார்ட்டிசால் பெருகினால், சற்று நேரத்தில் தொட்டி நீரிலும் அதைக் காணலாம். விரவல் இருவழிப் பாதை என்பதையும் மறவாதீர்கள்: நீரில் செறிவு மிகுந்தால் பக்கத்து மீனின் உடலுக்குள்ளும் அது நுழையும்.

இவ்வளவு நீரில் கலந்தபின் என்ன மிஞ்சும் என்கிறீர்களா? முட்டையிடும் காலம் நெருங்கிய பெண் தங்கமீன் ஒரு ஸ்டீராய்டை நீரில் விடுகிறது. அதை மோப்பத்தால் உணரும் ஆணின் உடலில் விந்துநீர் பெருகுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-இல் இதை விளக்கினார்கள். லிட்டருக்கு ஒரு மோலில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே ஆணின் மூக்கிற்குப் போதும்!

கணக்கிட்டுப் பார்ப்போம். அப்பொருளின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 332. அப்படியானால் 1 கிராம், 300 கோடி லிட்டர் நீருக்குப் போதும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பும் 3 மீட்டர் ஆழமும் உள்ள ஏரி அது! ஆயினும் அந்த நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் 60,000 கோடி மூலக்கூறுகள் இருக்கும். 'மிகக் குறைவு' என்ற சொல்லை நாம் எவ்வளவு அவசரப்பட்டுச் சொல்கிறோம், பாருங்கள்.

சுழலும் நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஸ்டீராய்டுகளை அவை முழுதும் நீக்குவதில்லை. மணிக்கு 10 லிட்டர் புதுநீர் விட்டு, அதே அளவு பழைய நீரை வெளியேற்றுகிறீர்கள். அதை 1 லிட்டராகக் குறைத்தால், ஹார்மோன் சிதையாதவரை அதன் நிலைச் செறிவு பத்து மடங்காகும். தொட்டி பெரிதா சிறிதா என்பது இக்கணக்கில் வராது. பெரிய தொட்டியில் அந்நிலை வர நாளாகும், அவ்வளவே.

அறிவியல் கண்காட்சிக்காக ஒரு தொட்டி மீனுக்கு ஹார்மோன் கலந்த உணவு கொடுத்து, மறு தொட்டி மீனை ஒப்பீட்டுக்கு வைத்திருப்பவர் யோசிக்க வேண்டும். நீர் பொதுவானால், ஒப்பீட்டு மீனும் அதில் கொஞ்சம் பெற்றிருக்கும். இரண்டிலும் வேறுபாடு காணோம் என்றால் ஹார்மோன் வேலை செய்யவில்லை என்று எழுதிவிடக் கூடாது. முதலில் இன்னொரு பம்பு வாங்குங்கள்.